பாசிசம் எந்தப் பக்கம்? சோசலிசம் எந்தப் பக்கம்?

2025 ஜூன் 26 அன்று, அவசரநிலையின் ஐம்பதாம் ஆண்டையொட்டித் தில்லியில் நடைபெற்ற நிகழ்ச்சியில் பேசிய ஆர்.எஸ்.எஸ். பொதுச் செயலாளர் தத்தாத்ரேய ஹோசபாலே, அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையிலுள்ள 'சோசலிச', 'மதச்சார்பற்ற' என்ற இரு சொற்களும் அங்கே நீடிக்க வேண்டுமா என்பது விவாதிக்கப்பட வேண்டும் என்றார். அம்பேத்கர் உருவாக்கிய முகவுரையில் அவை இல்லை, அவசரநிலைக் காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பது அவரது வாதம். அடுத்த மாதமே ஒன்றிய சட்ட அமைச்சர் மாநிலங்களவையில், அச்சொற்களை நீக்கும் திட்டம் எதுவும் அரசிடம் இல்லை என்று பதிலளித்தார். ஆனால் 2015 குடியரசு நாளன்று ஒன்றிய அரசு வெளியிட்ட விளம்பரத்திலும், 2023 செப்டம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்குள் நுழைந்த உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்ட அரசமைப்புச் சட்டப் பிரதியிலும் இவ்விரு சொற்களும் இடம்பெறவில்லை என்பதை நாடு மறந்துவிடவில்லை.

இதனோடு இன்னொரு பேச்சும் உலவுகிறது. ஹிட்லரின் கட்சிப் பெயரிலேயே 'சோசலிஸ்ட்' என்ற சொல் இருந்ததல்லவா, முசோலினி சோசலிஸ்ட் கட்சியில் இருந்தவர்தானே, ஆகவே பாசிசம் இடதுசாரிகள் பெற்றெடுத்த பிள்ளையே என்பது அப்பேச்சு. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவர் அலிஸ் வைடல், எலான் மஸ்க்குடன் நடத்திய உரையாடலில் ஹிட்லரைக் கம்யூனிஸ்ட் என்றே குறிப்பிட்டார். நம் ஊர்க் கல்லூரி மாணவரும் இதே கேள்வியோடு நம் தோழர்களிடம் வருகிறார்.

ஒரு பேச்சு சோசலிசம் என்ற சொல்லை அழிக்கப் பார்க்கிறது. மற்றொன்று அச்சொல்லின் மீது சேற்றை அள்ளிப் பூசுகிறது. இரண்டுக்கும் கோபத்தால் அல்ல, வரலாற்றால் விடையளிக்க வேண்டும்.

அளவுகோல் எது?

'இடது', 'வலது' என்ற அரசியல் வழக்கு 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் பிறந்தது. மன்னருக்குத் தடுப்பதிகாரம் வேண்டும் என்றோர் அவைத்தலைவரின் வலப்புறமும், கூடாது என்றோர் இடப்புறமும் அமர்ந்தனர். பிறப்பாலும் சொத்தாலும் வந்த மேலாண்மையைக் காப்பதா, கலைப்பதா என்பதே அன்று அவர்களைப் பிரித்த கேள்வி. அரசின் கை நீளமானதா குட்டையானதா என்பது அன்று கேள்வியாகவே இல்லை. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அளவுகோல் மாறவில்லை. மனிதர்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வை இயற்கை என்றும் தெய்வ நியதி என்றும் குருதியின் தகுதி என்றும் நியாயப்படுத்துவது வலது. அதை மனிதர் உண்டாக்கியதென்றும் மனிதரால் மாற்றத்தக்கதென்றும் கொள்வது இடது.

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகையாகப் பிரிக்கிறது. கட்சிகள் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்கள் யாவும் காரணப் பெயர்கள் போலத் தோன்றும். அந்தக் காரணம் மெய்தானா என்பதைச் செயலில்தான் சோதித்தறிய வேண்டும். ஹிட்லரின் கட்சியை இச்சோதனைக்கு உட்படுத்துவோம்.

அக்கட்சி 1920 பிப்ரவரியில் அறிவித்த 25 அம்சத் திட்டத்தில் முதலாளிகளைச் சாடும் வரிகள் இருந்தன, உண்மை. ஜெர்மானியக் குருதி உடையவரே குடிமகனாக முடியும் என்ற வரியும் அதே திட்டத்தில் இருந்தது. 'தேசிய சோசலிசம்' என்ற தொடரில் அடைமொழி பெயர்ச்சொல்லையே விழுங்கிவிட்டது. சமுதாயம் என்பது ஓர் இனமாகச் சுருங்கியபின் அங்கே சமத்துவத்திற்கு இடமேது? பொதுநலனுக்காக நிலத்தை இழப்பீடின்றி எடுத்துக்கொள்வோம் என்ற அம்சத்திற்கு 1928 ஏப்ரலில் ஹிட்லரே விளக்கம் வெளியிட்டார்: கட்சி தனிச்சொத்துரிமையை ஏற்கிறது, அவ்வாசகம் முதன்மையாக யூதர்களின் நில வணிக நிறுவனங்களையே குறிக்கும் என்றார். 1933 பிப்ரவரி 20 அன்று ஜெர்மனியின் பெருந்தொழில் அதிபர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து பேர் ஹிட்லரைச் சந்தித்துத் தேர்தல் நிதியாக 30 லட்சம் மார்க் தர ஒப்புக்கொண்டனர். பெருமந்தத்தின்போது அரசின் கைக்கு வந்திருந்த பெரிய வங்கிகளின் பங்குகள் 1930களின் நடுவில் மீண்டும் தனியாருக்கு விற்கப்பட்டன.

உழைப்பாளிகளுக்குக் கிடைத்தது என்ன? மார்ச் 22 அன்று தாக்கௌ வதைமுகாம் திறக்கப்பட்டது; முதலில் அடைக்கப்பட்டோரில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் தொழிற்சங்கத்தினரும் ஆவர். மறுநாள், அரசுக்கு எல்லையற்ற அதிகாரம் வழங்கும் சட்டத்தை எதிர்த்து 94 வாக்குகள் மட்டுமே விழுந்தன. அத்தனையும் சமூக ஜனநாயகக் கட்சியினுடையவை. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேர் அவைக்கே வரமுடியாதபடி சிறையிலும் தலைமறைவிலும் இருந்தனர். மே முதல் நாளை ஹிட்லர் அரசு விடுமுறையாக அறிவித்துப் பெருவிழா எடுத்தது. மே 2 அன்று நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றியது. 1934 ஜனவரிச் சட்டமோ முதலாளியை நிறுவனத்தின் 'தலைவர்' என்றும் தொழிலாளரை அவரைப் 'பின்தொடர்வோர்' என்றும் பெயரிட்டது. 'சோசலிஸ்ட்' என்ற சொல்லை ஓரளவேனும் பொருட்படுத்திய கிரிகோர் ஸ்ட்ராசர், 1934 ஜூன் 30 அன்று சொந்தக் கட்சியினராலேயே கொல்லப்பட்டார்.

முசோலினியின் கதையும் வேறன்று. போரை ஆதரித்ததற்காக 1914 நவம்பரில் சோசலிஸ்ட் கட்சி அவரை வெளியேற்றியது. அவர் 1919 மார்ச்சில் மிலான் நகரில் தொடங்கிய இயக்கத்தின் ஆட்கள், அடுத்த மாதமே தாம் முன்பு ஆசிரியராக இருந்த தலைவரின் பழைய ஏடான 'அவாந்தி'யின் அலுவலகத்திற்குத் தீ வைத்தனர். போ ஆற்றுச் சமவெளியில் நிலவுடைமையாளர்களின் பணத்தில் இயங்கிய கருஞ்சட்டைப் படைகள் விவசாயத் தொழிலாளர் சங்கங்களை எரித்தன. சோசலிஸ்ட் உறுப்பினர் மாட்டியோட்டி 1924இல் கொல்லப்பட்டார். 1926இல் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கிராம்ஷி சிறைப்பட்டார். ஒருவர் இடதுசாரி முகாமிலிருந்து வெளியேறி அம்முகாமையே எரித்தால், எரித்த தீக்கு அம்முகாமின் பெயரைச் சூட்டுவது எவ்வகை வரலாறு?

இந்திய உரைகல்

இதே வேறுபாட்டை நம் நாட்டு வரலாறும் உரைத்துக் காட்டுகிறது. இந்து மகாசபைத் தலைவரும் ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாரின் வழிகாட்டியுமான பி.எஸ்.மூஞ்சே 1931 மார்ச் 19 அன்று ரோமில் முசோலினியைச் சந்தித்தார். சிறுவர்க்கு இராணுவப் பயிற்சி அளித்த பாசிச அமைப்புகளை நேரில் கண்டு, இந்து சமுதாயத்திற்கும் இத்தகைய அமைப்பு தேவை என்று தம் நாட்குறிப்பில் வியந்தெழுதினார். 1937இல் நாசிக்கில் போன்சலா இராணுவப் பள்ளியை நிறுவினார். 1931 டிசம்பரில் காந்தியும் முசோலினியைச் சந்தித்தவர்தாம். ஆனால் அவர் ரோமிலிருந்து அகிம்சையைக் கைவிட்டுத் திரும்பவில்லை. சந்தித்தார் என்பதைவிட, அங்கே கண்டதில் எதை வியந்தார், எதைக் கொண்டுவந்தார் என்பதே உரைகல்.

1936 மார்ச்சில், மனைவி கமலாவை இழந்த துயரோடு ரோம் வழியாகத் திரும்பிய நேருவை, முசோலினியைச் சந்திக்குமாறு அதிகாரிகள் நெடுநேரம் வற்புறுத்தினர். அவர் மறுத்துவிட்டார். அடுத்த மாதமே லக்னோ காங்கிரஸ் மாநாட்டில் தலைமை உரையாற்றிய நேரு, உலகின் சிக்கல்களுக்கும் இந்தியாவின் சிக்கல்களுக்கும் சோசலிசமே தீர்வு என்று அறிவித்தார். பாசிசத்தை மறுத்தவரின் உதட்டிலிருந்தே சோசலிசம் என்ற சொல் வந்தது என்பது தற்செயல் அன்று.

1939இல் கோல்வால்கரின் பெயரில் வெளிவந்த நூல், யூதர்களை வெளியேற்றிய ஜெர்மனியை இன உணர்வின் உச்சமாகக் காட்டி, இந்தியா கற்கத்தக்க பாடம் என்றது. பிற்காலத்தில் ஆர்.எஸ்.எஸ். அந்நூலிலிருந்து விலகிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் 1966இல் வெளிவந்த அவரது உரைத்தொகுப்பு நாட்டின் உள் அபாயங்களாக முஸ்லிம்கள், கிறித்தவர்கள், கம்யூனிஸ்டுகள் என மூன்று தரப்பினரைப் பட்டியலிட்டது. பாசிசமும் கம்யூனிசமும் உடன்பிறப்புகள் என்றால், தேசத்தைக் குருதியாலும் சமயத்தாலும் வரையறுப்போர் எங்கும் எப்போதும் கம்யூனிஸ்டுகளையே முதல் பகைவராகக் காண்பதேன்?

முகவுரையின் ஒரு சொல்

இப்போது ஹோசபாலேயின் வாதத்திற்கு வருவோம். அம்பேத்கரின் முகவுரையில் 'சோசலிச' என்ற சொல் இல்லை என்பது உண்மையே. 1948 நவம்பர் 15 அன்று கே.டி.ஷா அரசமைப்பின் முதல் உறுப்பிலேயே அச்சொல்லைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: சமுதாயத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதை வருங்கால மக்களே முடிவு செய்ய வேண்டும்; மேலும், அரசுக்கான வழிகாட்டு நெறிகளிலேயே சோசலிச உள்ளடக்கம் இருப்பதால் இச்சொல் மிகை. இரண்டாவது காரணத்தை இன்று அவரை மேற்கோள் காட்டுவோர் விழுங்கிவிடுகின்றனர். சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொதுநலனுக்கு உகந்தவாறு பகிரப்பட வேண்டும், செல்வம் ஒருசிலரிடம் குவியக் கூடாது என்று கூறும் இன்றைய 39ஆம் உறுப்பு அந்நெறிகளில் ஒன்று. 1947இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்காக ஆயத்தம் செய்த ஆவணம், அடிப்படைத் தொழில்களும் வேளாண்மையும் அரசுடைமையாக வேண்டும் என்று கோரியது. அவரைச் சோசலிசத்தின் பகைவராக நிறுத்துவது அவருக்கு இழைக்கும் அநீதி.

அவசரநிலையின்போது 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது என்பதும் உண்மையே. இங்கும் நம் அளவுகோலை வளைக்க வேண்டியதில்லை. முகவுரையில் 'சோசலிச' என்று எழுதிய அதே ஆட்சி, 1975 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் தொழிலாளரின் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது, வேலைநிறுத்தங்களை ஒடுக்கியது, இடதுசாரிகளையும் சோசலிஸ்டுகளையும் சிறையிலிட்டது. பெயரும் செயலும் வேறுபட்ட இடத்தில் செயலையே நாம் கணக்கில் கொள்கிறோம், அது காங்கிரஸ் ஆட்சியாயினும்.

ஆனால் அதன்பின் நடந்ததை ஹோசபாலே சொல்லவில்லை. அவசரநிலையை வீழ்த்திப் பதவியேற்ற ஜனதா அரசு, 42ஆம் திருத்தத்தின் பல கேடுகளை நீக்கியது, இச்சொற்களை நீக்கவில்லை. மாறாக, 1978இல் கொண்டுவந்த 45ஆம் திருத்த மசோதாவில், 'சோசலிச' என்பதற்குச் சமூக, அரசியல், பொருளாதாரச் சுரண்டல் அனைத்திலிருந்தும் விடுபட்ட நிலை என்று பொருள் வரையறுக்கவே முயன்றது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை ஏற்காததால் வரையறை நிற்கவில்லை. அந்த அமைச்சரவையில் வாஜ்பாயும் அத்வானியும் இருந்தனர். 1980 டிசம்பரில் பம்பாயில் கூடிய பா.ஜ.க. மாநாடு 'காந்திய சோசலிசத்தை'த் தன் ஐந்து உறுதிப்பாடுகளுள் ஒன்றாக அறிவித்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவின்படி, சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளுக்கு உண்மையாக இருப்போம் என்ற உறுதிமொழி இன்றும் அக்கட்சியின் அமைப்பு விதிகளில் உள்ளது. அவசரநிலை தந்த களங்கம் என்றால், இத்தனை ஆண்டுகளாக அதை நெற்றியில் அணிந்திருந்தது ஏன்?

2024 நவம்பர் 25 அன்று உச்சநீதிமன்றம் இச்சொற்களை நீக்கக் கோரிய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆயினும், சோசலிசம் என்பது இந்தியச் சூழலில் மக்கள் நல அரசையே குறிக்கும், தனியார் தொழிலுக்கு அது தடையன்று என்று நீதிமன்றம் பொருள் கூறியதையும் கவனிக்க வேண்டும். அதே மாதம் 5ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெரும்பான்மை, தனியார் சொத்து அனைத்தையும் 39ஆம் உறுப்பு கூறும் சமுதாய வளமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்திருந்தது. சொல் நிற்கிறது, அதன் உள்ளீடு மெலிகிறது.

'இரண்டும் சர்வாதிகாரமே' என்போர்க்கு

நேர்மையான வாசகர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி எஞ்சியிருக்கிறது. சோவியத் ஒன்றியத்திலும் சிறைமுகாம்கள் இருந்தனவே, 1939இல் ஹிட்லருடன் உடன்படிக்கை செய்யப்பட்டதே என்று அவர் கேட்கலாம். இவற்றை மறைப்பதால் சோசலிசத்திற்கு எந்த நன்மையும் இல்லை. ஸ்டாலின் காலக் கொடுமைகளை 1956இல் சோவியத் கட்சியின் 20ஆவது மாநாட்டிலேயே குருஷ்சேவ் எடுத்துரைத்தார். சமத்துவத்தின் பெயரால் சுதந்திரம் பறிக்கப்பட்ட இடங்களில் சமத்துவமும் நெடுநாள் நிற்கவில்லை என்பது நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆனால் ஆளும் முறை வேறு, யாருக்காக ஆள்வது என்பது வேறு. சிலியில் 1973இல் இராணுவப் புரட்சி நடத்திய பினோசே, சந்தைக்கு முழு உரிமையும் மக்களுக்குச் சித்திரவதைக் கூடங்களும் தந்தார். அவரை யாரும் இடதுசாரி என்பதில்லை. கேரளத்தில் 1957 ஏப்ரலில் வாக்குச்சீட்டால் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள் நிலச் சீர்திருத்தத்தைக் கையிலெடுத்தனர். 1959 ஜூலையில் அவ்வாட்சியைக் கலைத்தது தில்லி. சர்வாதிகாரம் இடதின் தனிச்சொத்தும் அன்று, சந்தை ஜனநாயகத்தின் காவலும் அன்று. சோசலிசம் தன் இலட்சியத்தைக் காட்டிக்கொடுக்கும்போதுதான் மனிதரைத் தரம் பிரிக்கிறது. பாசிசம் தன் இலட்சியத்தை நிறைவேற்றும்போதே அதைச் செய்கிறது.

அடையாளம் பிழைத்தால்

இக்கேள்வி நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1932 நவம்பர்த் தேர்தலில் நாஜிக் கட்சி 196 இடங்களைப் பெற்றது. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 100. இருவரும் சேர்ந்தால் 221. ஆனால் கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று அழைத்துவந்தனர். சமூக ஜனநாயகத் தலைமையோ கம்யூனிஸ்டுகளையும் நாஜிகளையும் ஒரே தட்டில் வைத்தது. மூன்று மாதங்களில் ஹிட்லர் பிரதமரானார். இரு கட்சியினரும் ஒரே முகாமில் ஒரே முள்வேலிக்குள் சந்தித்துக்கொண்டனர். 1935இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது மாநாட்டில் திமித்ரோவ் பாசிசத்தை நிதிமூலதனத்தின் மிகப் பிற்போக்கான பகுதியினரது பகிரங்கப் பயங்கர ஆட்சி என்று வரையறுத்து, ஐக்கிய முன்னணிக்கு அறைகூவல் விடுத்தபோது ஜெர்மனி கைநழுவிப் போயிருந்தது.

ஆகவே நமக்குப் பிடிக்காத எதையும் பாசிசம் என்று ஏசுவது, பாசிசத்தை இடதுசாரி என்று திரிப்பதைப் போலவே தீங்கானது. இன்றைய ஒன்றிய ஆட்சியைப் பாசிசம் என்பதா, நவபாசிசம் என்பதா, அதன் கூறுகள் கொண்டது என்பதா என 2025இல் இடதுசாரிக் கட்சிகளிடையே விவாதம் நடந்தது. விவாதம் தேவையானது, வரையறையில் துல்லியம் வேண்டும். ஆனால் வரையறை வேறுபாடு போராட்டக் களத்தில் சுவராக எழுந்துவிடலாகாது.

களம் நம் கண்முன் இருக்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய இயலாது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பு நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. இவற்றை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று பத்து மத்தியத் தொழிற்சங்கங்கள் நடத்திய பொதுவேலைநிறுத்தத்தில் பாரதிய மஸ்தூர் சங்கம் சேரவில்லை. முகவுரையிலிருந்து ஒரு சொல்லை நீக்கும் விவாதமும், ஆலைவாயிலில் ஓர் உரிமையை நீக்கும் சட்டமும் ஒரே ஆண்டில் வந்ததை நம் தோழர்கள் இணைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இச்சொல்லுக்கு ஆழ்ந்த வேர் உண்டு. 1923 மே முதல் நாளன்று சென்னையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். 1931இல் பெரியாரின் 'குடி அரசு' கம்யூனிஸ்ட் அறிக்கையைச் 'சமதர்ம அறிக்கை' என்ற பெயரில் தமிழில் வெளியிட்டது. தருமம் என்ற சொல் ஒவ்வொரு குலத்திற்கும் ஒரு நீதி என்று பொருள்பட்டுவந்த மண்ணில், அதன் முன் 'சம' என்ற ஓரடையை வைத்து அனைவர்க்கும் ஒரே நீதி என்று நம் முன்னோர் பொருளை மாற்றினர். அங்கே ஓர் அடைமொழி சமத்துவத்தை விழுங்கியது. இங்கே ஓர் அடைமொழி அதை வழங்கியது.

அச்சொல்லை முகவுரையில் காப்பது நம் கடமை. அங்கே மட்டும் காத்தால் போதாது. கிளைக் கூட்டங்களில் முகவுரையைப் படிக்கும்போது 39ஆம் உறுப்பையும் சேர்த்துப் படியுங்கள். ஆலைவாயிலில் பேசும்போது சோசலிசத்தைக் கூலியாலும் வேலைப் பாதுகாப்பாலும் சங்கம் சேரும் உரிமையாலும் விளக்குங்கள். ஹிட்லரும் சோசலிஸ்ட்தானே என்று கேட்டு வரும் மாணவரை எள்ளாமல் அமரவைத்து, 1933 மே 2 அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். எந்தக் கொள்கை எந்தப் பக்கம் என்பதை அவரே கூறிவிடுவார்.